மவுத் ஆர்கனில் பாட்டு உருக வேண்டுமா? மூச்சிலிருந்து தொடங்குங்கள்

மவுத் ஆர்கனில் ஒரு பாட்டின் மெட்டை வாசித்துவிடுவது பெரிய காரியமில்லை. விடாமல் பழகினால் சில வாரங்களில் வந்துவிடும். ஆனால் கேட்கிறவர் மனதில் அந்தப் பாட்டின் வரிகள் தானாக ஓட வேண்டும், தொண்டை லேசாக அடைக்க வேண்டும் என்றால் அது தனி வேலை. இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

நம்ம குமரி மாவட்டத்தில் பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு, டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு, கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் போனால் மலையாளப் பாட்டும் கேட்பார்கள். பாடுகிற காது ஊரெல்லாம் இருக்கிறது. அதனால் இங்கே மவுத் ஆர்கன் வாசிக்கிறவரிடம் யாரும் வேகத்தை எதிர்பார்ப்பதில்லை. தெரிந்த பாட்டை உருகி வாசித்தால் போதும், கூட்டம் கூடவே முணுமுணுக்கும்.

நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கருவியில் உருக்கம் என்பது மூச்சு சம்பந்தப்பட்டது. ஊதினாலும் ஒலிக்கும், இழுத்தாலும் ஒலிக்கும். எந்த ஸ்வரம் ஊதலில் வருகிறது, எது இழுப்பில் வருகிறது, சொல்லின் எந்த இடத்தில் மூச்சு திரும்புகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வாசித்தால் பாட்டு உயிரோடு நிற்கும். அதை யோசிக்காமல் ஸ்வரங்களை மட்டும் தேடிப் பிடித்தால், எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ குறையும்.

எதை வாங்குவது

கடையில் போய் மவுத் ஆர்கன் என்று கேட்டால் பெரும்பாலும் 24 துளை ட்ரெமோலோவைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு ரீடுகள், அதாவது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோகத் தகடுகள். ஒன்றுக்கொன்று மயிரிழை சுருதி விலகி இருப்பதால் ஒலி தானாகவே அலை அலையாக வரும். கேரலுக்கும் கீர்த்தனைக்கும் அருமையாக இருக்கும். ஆனால் ஸ்வரத்தைப் பெரிதாக வளைக்க முடியாது, அதாவது ஒலிக்கும்போதே சுருதியை வழுக்கி இறக்க முடியாது. சினிமாப் பாட்டின் குழைவு அதில் வராது.

அடுத்தது 10 துளை டையடோனிக். கைக்குள் அடங்கும், 20 ரீடு. இதில் ஸ்வரத்தை வளைக்கலாம். எல்லா அரை ஸ்வரங்களும் நேரடியாகக் கிடைக்காது என்பதுதான் குறை. மூன்றாவது 12 துளை குரோமாட்டிக். பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினால் ஒவ்வொரு ஸ்வரமும் அரைப்படி ஏறும். மூன்று ஸ்தாயி, எந்த ராகமும் வாசிக்கலாம். விலை கூட, மூச்சும் கூடத் தேவை, பராமரிப்பும் கூட.

என் பரிந்துரை: உருக்கமாக வாசிப்பதுதான் நோக்கம் என்றால் 10 துளை சி சுருதி டையடோனிக்கில் தொடங்குங்கள். ஹோனர், சுசுகி, ஈஸ்ட்டாப் எதுவானாலும் சரி, நடுச்சட்டம் பிளாஸ்டிக்கில் இருப்பதாகப் பாருங்கள். மரச்சட்டம் ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும், நம் கடற்கரைக் காற்றுக்கு அது ஒத்துவராது. கையில் பழக்கம் ஏறிய பிறகு குரோமாட்டிக் வாங்கிக்கொள்ளலாம்.

பாட்டைப் பாடிவிட்டுத் தொடங்குங்கள்

கருவியை எடுப்பதற்கு முன் பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வரிகளை ஒரு தாளில் எழுதி, பாடகர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கோடு போடுங்கள். எந்தச் சொல்லை நீட்டுகிறார், எதைத் தொட்டுவிட்டு விடுகிறார் என்று பென்சிலால் குறியுங்கள். பல்லவியும் ஒரு சரணமும் போதும். இடையிசையில் வருகிற வயலினையும் புல்லாங்குழலையும் இந்தச் சின்னக் கருவியில் கொண்டுவர முயலாதீர்கள். இரண்டரை நிமிடத்துக்குள் முடிகிற கவர்தான் (தெரிந்த பாட்டை நாம் வாசித்துத் தருவது) தனி மவுத் ஆர்கனுக்கு அழகு.

பாட்டு எந்த எல்லைக்குள் ஓடுகிறது என்றும் பாருங்கள். கீழே எவ்வளவு இறங்குகிறது, மேலே எவ்வளவு ஏறுகிறது. இது அடுத்த படிக்கு வேண்டும்.

எந்தத் துளையை ‘ச’ ஆக்குவது

இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி, நிதானமாகப் படியுங்கள்.

சி கருவியில் 4-ஆம் துளையை ஊதினால் சி, அதாவது பாடகர்கள் சொல்கிற 1 கட்டை சுருதி. அதை ‘ச’ என்று வைத்துக்கொண்டால் 4 ஊது ச, 4 இழு ரி, 5 ஊது க, 5 இழு ம, 6 ஊது ப, 6 இழு த, 7 இழு நி, 7 ஊது மேல் ச. சங்கராபரணம் முழுசாக வந்துவிட்டது. 7-ஆம் துளையில் மட்டும் வரிசை மாறுவதைக் கவனியுங்கள், முதலில் இழுப்பு, அப்புறம் ஊதல். புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறுகிற இடம் அது. மோகனம், ஹம்ஸத்வனி, பெரும்பாலான கேரல் பாட்டுகள் எல்லாம் இந்த நிலையில் சுலபமாக வரும்.

ஆனால் அதே கருவியில் ‘ச’வை வேறு துளைக்கு மாற்றினால் வேறு ராகம் பிறக்கும். கர்நாடக சங்கீதத்தில் கிரக பேதம் என்பார்களே, அதேதான். மேலே சொன்ன ச ரி க ம ப த நி வரிசைக்கு மேற்கத்தியப் பெயர்கள் சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. ஜியை ‘ச’ ஆக்கினால் ஹரிகாம்போஜி. டியை ‘ச’ ஆக்கினால் கரகரப்பிரியா. ஏயில் நடபைரவி, ஈயில் தோடி, எஃபில் கல்யாணி. ஒரே கருவி, ஆறு மேளம், அதாவது ஆறு தாய் ராகம்.

இதில் உருக்கத்துக்கென்றே அமைந்த நிலை என்று நான் நினைப்பது டி. 4-ஆம் துளையை இழுப்பதுதான் இங்கே ‘ச’. வரிசை இப்படிப் போகும்: 4 இழு ச, 5 ஊது ரி, 5 இழு க, 6 ஊது ம, 6 இழு ப, 7 இழு த, 7 ஊது நி, 8 இழு மேல் ச. வளைக்காமலே கரகரப்பிரியா ஒரு ஸ்தாயி முழுவதும் கிடைத்துவிட்டது. கீழே 4 ஊது நி, 3 இழு த. மேலே 10 இழு வரை போனால் மேல் ஸ்தாயி ப. பெரும்பாலான பாட்டுகளுக்கு இந்த எல்லை போதும். கரகரப்பிரியாவில் பிறந்த ராகங்கள் எல்லாம் இதற்குள் அடக்கம்: மத்யமாவதி, ஆபேரி, சிவரஞ்சனி. தமிழ், மலையாள சினிமாவில் மனதைப் பிசைகிற பாட்டுகளில் எத்தனை இந்த ராகங்களில் நிற்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஹிந்தோளத்தில் பாட்டு என்றால் ஈயை ‘ச’ ஆக்குங்கள். 5 ஊது ச, 6 ஊது க, 6 இழு ம, 7 ஊது த, 8 இழு நி, 8 ஊது மேல் ச. இதற்கும் வளைப்பு வேண்டாம்.

சுருதிக் கணக்கு எளிது. சி கருவியில் டி நிலையில் வாசித்தால் ஒலிப்பது 2 கட்டை. பாடுகிறவரோ கரோக்கி ட்ராக்கோ 1 கட்டையில் இருந்தால், அதைவிட ஒரு முழு ஸ்வரம் தாழ்ந்த கருவி, அதாவது பி பிளாட் கருவி வேண்டும். 5 கட்டை என்றால் எஃப் கருவி. கருவியின் பெயர் எப்போதும் நீங்கள் வாசிக்கும் ‘ச’வுக்கு ஒரு முழு ஸ்வரம் கீழே. தனியாக வாசிக்கும்போது இந்தக் கவலையே இல்லை, 2 கட்டைக்குத் தம்புரா ஆப்பை வைத்துக்கொண்டு வாசிக்கலாம். தம்புரா இல்லாமல் பழகாதீர்கள். ‘ச’ காதில் நின்றால்தான் மற்ற ஸ்வரங்கள் எதை நோக்கி ஏங்குகின்றன என்பது புரியும்.

மூச்சுக் கணக்கு

சரி, சிவரஞ்சனியை எடுத்து ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம். மேல் ‘ச’விலிருந்து கீழ் ‘ச’வுக்கு இறங்குகிற ஒரு சாதாரண இறக்கம்: ச த ப க ரி ச. துளையில் பார்த்தால் 8 இழு, 7 இழு, 6 இழு, 5 இழு, அப்புறம் 5 ஊது, 4 இழு.

முதல் நான்கு ஸ்வரங்களும் அடுத்தடுத்த துளைகள், நான்கும் இழுப்பு. உதட்டை எடுக்காமல் கருவியை மட்டும் வலப்பக்கம் நகர்த்தினால், ஒரே மூச்சில் பாடகரின் இறக்கம் போலவே வழுக்கிக்கொண்டு வரும். சிவரஞ்சனியின் ஐந்து ஸ்வரங்களில் ‘ரி’ ஒன்றுதான் ஊதல். அதனால்தான் இந்த ராகம் இந்த நிலையில் இவ்வளவு குழைவாக ஒலிக்கிறது.

ஆனால் சிக்கலும் அங்கேயே இருக்கிறது. இழுத்து இழுத்து நுரையீரல் நிரம்பிவிடும். வரியின் கடைசிச் சொல் நீளமாக ‘ச’வில் போய் நிற்கிறது, அதுவும் இழுப்பு. நிரம்பிய நெஞ்சோடு அதை நீட்ட முடியாது, ஒலி நசுங்கும். இதற்கு மூன்று வழிகளைச் சேர்த்துக் கையாள வேண்டும். வரி தொடங்கும் முன் மூக்கு வழியாக முழுசாகக் காற்றை விட்டுவிட்டு, காலி நெஞ்சோடு தொடங்குங்கள். முதல் நான்கு ஸ்வரங்களை மெல்லிய இழுப்பில் வாசியுங்கள், சூடான சாயாவை உறிஞ்சுகிற அளவுக்கு இழுத்தால் போதும். அப்புறம் அந்த ‘ரி’ வருகிறதே, அதில் துளைக்கு வேண்டிய காற்றை வாயிலும் மீதியை மூக்கிலும் தாராளமாக வெளியேற்றுங்கள். கேட்கிறவருக்கு ‘ரி’ மட்டும்தான் கேட்கும். உங்கள் நெஞ்சு பாதி காலியாகிவிட்டிருக்கும். கடைசி ‘ச’வை இஷ்டப்பட்ட நேரம் நீட்டலாம்.

சங்கராபரண நிலையில் மோகனம் வாசித்தால் இதற்கு நேர்மாறு. ச, க, ப மூன்றும் ஊதல், ரியும் தவும் மட்டும் இழுப்பு. நீளமாக நிற்கிற ஸ்வரங்கள் எல்லாம் ஊதலில் விழுவதால் காற்று தீர்ந்துபோகும். அங்கே ‘ரி’யிலும் ‘த’விலும் அதிகமாக உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் வரித்தாளில் இந்தக் கணக்கை எழுதுங்கள். சொல்லுக்கு மேலே துளை எண், பக்கத்தில் ஊதலுக்கு மேல் அம்பு, இழுப்புக்குக் கீழ் அம்பு. காற்றை விட வேண்டிய இடத்தில் ஒரு வட்டம். ஒரு சொல்லின் நடுவில் மூச்சு திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் அந்த இடத்தில் நாக்கை வைக்காமல், வயிற்றிலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் திரும்பினால் தாராளமாக இடைவெளி விடலாம். பாடகரும் அங்கேதானே விடுகிறார்.

எழுத்தை வாசியுங்கள்

தமிழ்ப் பாட்டை வாசிக்கும்போது தமிழ் எழுத்துதான் நல்ல வாத்தியார். வல்லினத்தில் தொடங்குகிற சொல் என்றால் நாக்கு நுனியால் ‘த’ என்று தட்டித் தொடங்குங்கள். இழுக்கும்போதும் ‘த’ சொல்ல முடியும், பழகிப் பாருங்கள். இடையினத்துக்கு ‘ல’ போதும். மெல்லினம் என்றால் நாக்கே வேண்டாம், மூச்சை மட்டும் மெதுவாக ஏற்றுங்கள். குறில் நெடில் பாட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே. எல்லா ஸ்வரத்தையும் ஒரே மாதிரி தட்டி வாசிப்பதால்தான் பல கவர்கள் பள்ளிக்கூட மணி அடித்தது போல ஆகிவிடுகின்றன. நீங்கள் வாசிக்கும்போது மனதுக்குள் வரிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடினால் நாக்கு தானாக அதைப் பின்பற்றும்.

இதற்கு ஒற்றைத் துளை சுத்தமாக ஒலிக்க வேண்டும். விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து, உதட்டின் உள் ஈரப்பகுதி கருவியில் படும்படி ஆழமாக வையுங்கள். உதட்டு நுனியில் பிடித்தால் ஒலி மெலிந்து, காற்றும் ஒழுகும். நாக்கால் பக்கத்துத் துளைகளை மூடி வாய் ஓரத்தால் வாசிக்கிற முறையும் உண்டு. அதில் ஒலி இன்னும் கனமாக இருக்கும். ஆனால் வளைப்பைக் கற்றுக்கொள்ள முதல் முறைதான் எளிது.

வளைப்பும் அசைவும்

4-ஆம் துளையை இழுத்துக்கொண்டே, வாய்க்குள் ‘ஈ’ என்று இருக்கிற நாக்கை ‘ஓ’ என்று பின்னால் தாழ்த்துங்கள். உதடு அசையக் கூடாது, வேகமாக இழுக்கவும் கூடாது. ஸ்வரம் வழுக்கிக் கீழே இறங்கும். 1 முதல் 6 வரை இழுப்பில் இது வரும். 4-லும் 6-லும் அரை ஸ்வரம் இறங்கும், 2-இல் ஒரு முழு ஸ்வரம், 3-இல் ஒன்றரை. அந்த 3-ஆம் துளையில் கடைசிவரை இறக்காமல் ஒரு முழு ஸ்வரத்தில் நிறுத்தினால் டி நிலையின் கீழ் ‘ப’ கிடைக்கும். இதற்குக் காது வேண்டும், ட்யூனர் ஆப் வைத்துக்கொண்டு பழகலாம்.

வளைப்பை இறங்குவதற்குப் பயன்படுத்துவதைவிட, ஏறுவதற்குப் பயன்படுத்துவதுதான் நம் பாட்டுக்கு ஒத்துவரும். அதாவது வளைத்த நிலையிலேயே ஸ்வரத்தைத் தொடங்கி, உடனே விடுங்கள். கீழிருந்து தொட்டு ஏறுகிற அந்தச் சின்ன அசைவு பாடகர்கள் ஒவ்வொரு வரியிலும் செய்வது. டி நிலையில் ‘ச’வுக்கும் ‘ப’வுக்கும் இது அழகாக வரும், இரண்டும் 4, 6 இழுப்பு.

5-ஆம் துளை ஒரு தனி விசேஷம். அதன் ஊதலுக்கும் இழுப்புக்கும் நடுவே அரை ஸ்வரம்தான் இடைவெளி, அதனால் முழுசாக வளையாது, கொஞ்சம்தான் அசையும். டி நிலையில் அந்தத் துளையின் இழுப்புதான் ‘க’, சாதாரண காந்தாரம் என்று பெயர் கொண்ட ஸ்வரம். கரகரப்பிரியாவிலும் சிவரஞ்சனியிலும் அந்த ‘க’ அசைவதில்தானே உருக்கமே இருக்கிறது! நாக்கை லேசாகத் தாழ்த்தி விட்டு, தாழ்த்தி விட்டு வாசித்தால் அந்தக் கமகம் கருவியிலேயே கட்டி வைத்தது போல வருகிறது. இந்த ஒரு ‘க’வை மட்டும் தினமும் தம்புராவோடு சிறிது நேரம் அசைத்துப் பழகுங்கள்.

கை நடுக்கம் வேறு. கருவியை இடக்கையில் பிடித்து, வலக்கையால் பின்பக்கத்தை மூடி ஓர் அறை போல ஆக்குங்கள். வலக்கையைத் திறந்து மூடினால் ஒலி அலையும். நீளமான ஸ்வரத்தின் கடைசிப் பாதியில் மட்டும் இதைச் செய்யுங்கள். தொடக்கம் நேராக நிற்கட்டும்.

குரோமாட்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சூட்சுமம். ‘ம’ 2-ஆம் துளை இழுப்பில் வரும், பட்டனை அமுக்கி 2-ஆம் துளையை ஊதினாலும் வரும். மேல் ‘ச’வும் அப்படித்தான், 4 ஊதலிலும் பட்டனோடு 4 இழுப்பிலும் உண்டு. மூச்சு திரும்பாமல் சொல்லை முடிக்க எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ராக்கும் ஒலிப்பதிவும்

கரோக்கி ட்ராக்கோடு வாசிக்கும்போது முதலில் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துப் பழகுங்கள், சுருதி மாறாமல் வேகம் குறைக்கிற ஆப்கள் நிறைய உண்டு. கூட வாசிக்க கீபோர்டோ கிட்டாரோ தெரிந்த ஆள் கிடைத்தால் ட்ராக்கையே விட்டுவிடுங்கள். உங்கள் மூச்சுக்கு அவர் காத்திருப்பார், ட்ராக் காத்திருக்காது.

வீடியோவுக்கு முட்டம், சொத்தவிளை, சங்குத்துறை என்று கடற்கரைக்குப் போகத் தோன்றும். காட்சி பிரமாதமாக இருக்கும், ஒலியில் காற்று மட்டும்தான் பதிவாகும். ஆனி, ஆடியில் கேட்கவே வேண்டாம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாலையைச் சுற்றுகிற காற்று. ஒலியை வீட்டில் பதிந்துகொண்டு காட்சியைக் கடற்கரையில் எடுங்கள். கான்கிரீட் அறை எதிரொலிக்கும். மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறையே நல்லது. பதிவு ஓடும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். போனைக் கைக்கு நேராக வைக்காமல், இரண்டு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் கை திறக்கும்போதெல்லாம் காற்று மைக்கில் அடிக்கும். குலசேகரம், திருவட்டார்ப் பக்கம் தகரக் கூரை வீடு என்றால் மழை விடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கொடை, திருவிழா நாட்களில் குழாய் ஸ்பீக்கர் ஓய்ந்த பிறகு பதியலாம்.

சினிமாப் பாட்டை யூடியூபில் ஏற்றினால் இசை உரிமை வைத்திருக்கும் நிறுவனம் உரிமை கோரலாம். பல சமயம் வீடியோ அப்படியே இருக்கும், விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும். பாட்டு யாருடையது என்று இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர்களை எழுதிவிடுங்கள். ட்ராக்கை அனுமதியில்லாமல் எடுத்துப் போடாமல் கூட ஒருவரை வாசிக்கவைப்பது இந்த வகையிலும் நல்லது.

உப்புக் காற்றில் கருவியைக் காப்பது

வாசிப்பதற்கு முன் வாயைக் கொப்பளியுங்கள். நேந்திரங்காய் சிப்ஸ் சாப்பிட்ட வாயோடு வாசித்தால் தூள் ரீடுக்குள் போய் ஒட்டும், ஒரு துளை திடீரென்று பேசாமல் போகும். சர்க்கரை போட்ட சாயாவும் அப்படித்தான், காய்ந்ததும் பிசினாகும். வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி எச்சிலை இறக்குங்கள். ஈரம் காயும்வரை பெட்டியைத் திறந்து வையுங்கள். அப்புறம் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். குளச்சல், மணக்குடி மாதிரிக் கடலோரத்தில் இருந்தால் திருகுகள் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றிப் பார்த்துத் துடைத்துவிடுங்கள்.

ரீடை விரலால் தொடாதீர்கள். குரோமாட்டிக்கின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும், குளிர்ந்த கருவியில் ஊதினால் மூச்சின் ஈரம் படிந்து அவை ஒட்டிக்கொள்ளும். ஏசி ஹாலில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் பத்து நிமிடம் சட்டைப்பையிலோ கைக்குள்ளோ வைத்துச் சூடாக்குங்கள். ஒரு ஸ்வரம் மட்டும் தாழ்ந்து ஒலிக்க ஆரம்பித்தால் அந்த ரீடு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வேகமாக இழுத்து வளைப்பதால் அது சீக்கிரம் நடக்கும், பெரும்பாலும் 4-ஆம் துளை இழுப்பும் 5-ஆம் துளை இழுப்பும்தான் முதலில் போகும். மெதுவாக இழுத்து வாசிக்கிறவர்களின் கருவி வருடக்கணக்கில் நிற்கும். கேரல் சீசனுக்கு முன்பே, நவம்பரிலேயே, எல்லாத் துளைகளையும் ட்யூனரில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். புதுக் கருவி தேவைப்பட்டால் பழகிக்கொள்ள அப்போதுதான் நேரம் இருக்கும்.